சேர்வுகளையும் நிகழ்தகவையும் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று விளைவுகளே கண்ணில் படுவதால், ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/3 என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். நாணயங்களை முதலாவது, இரண்டாவது என்று பிரித்துப் பார்த்தால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கு விளைவுகள் உள்ளன. இந்த நான்கும்தான் சம வாய்ப்புள்ளவை. எனவே ஒன்று தலையாகவும் மற்றொன்று பூவாகவும் விழுவதற்கான நிகழ்தகவு 2/4, அதாவது 1/2 ஆகும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேரே இங்கே இடறியிருக்கிறார். இரண்டு முறை சுண்டும்போது ஒரு முறையேனும் தலை விழுவதற்கான வாய்ப்பு 2/3 என்று 1754-இல் வெளிவந்த கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் அவர் வாதிட்டார். முதல் முறையே தலை விழுந்தால் மறுமுறை சுண்டத் தேவையில்லை என்று கொண்டு, தலை, பூ-தலை, பூ-பூ என்ற மூன்றையும் அவர் சமமாக எண்ணினார். உண்மையில் முதலாவதன் வாய்ப்பு 1/2. மற்ற இரண்டுக்கும் தலா 1/4 மட்டுமே. ஆகவே சரியான விடை 3/4 ஆகும். அவ்வளவு பெரிய அறிஞருக்கே நேர்ந்த பிழை என்பதால், மாணவர்களிடம் இதைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் விளைவுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கச் சொல்வதே நல்லது.

அடுத்தது, வரிசையைப் பற்றிய குழப்பம். ஒரு பெட்டியில் 4 கறுப்புக் காலுறைகளும் 2 வெள்ளைக் காலுறைகளும் இருக்க, பார்க்காமல் இரண்டை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையைக் கணக்கில் கொண்டால் மொத்த வழிகள் 6×5 = 30, இரண்டும் கறுப்பாக அமையும் வழிகள் 4×3 = 12; வரிசையை விட்டுவிட்டால் இவை முறையே 15, 6 ஆகும். எப்படி எண்ணினாலும் விடை 2/5தான். ஆனால் மேலே சேர்வுகளையும் (வரிசையை விட்டு எண்ணியவை) கீழே வரிசை மாற்றங்களையும் (வரிசையைக் கணக்கில் கொண்டு எண்ணியவை) போட்டு 6/30 என்று எழுதுபவர்களுக்கு 1/5 என்ற தவறான விடை கிடைக்கிறது. எந்த முறையில் தொடங்கினோமோ அதே முறையைத் தொகுதி, பகுதி இரண்டிலும் பின்பற்ற வேண்டும். எடுத்த காலுறையைத் திரும்ப வைக்காதபோதும் இரண்டாவது முறைக்கு 4/6 என்றே எழுதுவதும் இதே கணக்கில் அடிக்கடி நேரும் பிழையாகும். அங்கே 3/5 என்றுதான் வர வேண்டும்.

3 சட்டைகளையும் 4 கால்சட்டைகளையும் இணைத்து உடுத்தும் வழிகள் 12. இரண்டையும் கூட்டி 7 என்பது தவறு. ஏதேனும் ஓர் உடையை மட்டும் எடுப்பதாக இருந்தால்தான் கூட்ட வேண்டும்.

'ஒன்றேனும்' என்ற சொல் வினாவில் வந்தால் நிகழ்தகவுகளை அப்படியே கூட்டிவிடக் கூடாது. இரண்டு பகடைகளை உருட்டும்போது ஒன்றிலேனும் ஆறு விழுவதற்கான நிகழ்தகவு 1/6 + 1/6 அன்று. இரண்டிலும் ஆறு விழும் விளைவு அதில் இருமுறை எண்ணப்பட்டுவிடுகிறது. ஆறே விழாத வழிகள் 5×5 = 25 என்பதால், விடை 1 − 25/36 = 11/36 ஆகும். கூட்டுவது சரியென்றால் ஆறு பகடைகளை உருட்டும்போது ஒன்றிலேனும் ஆறு விழுவது உறுதி என்றாகிவிடும். ஆனால் அதன் நிகழ்தகவு ஏறத்தாழ 0.665 மட்டுமே.