பழைய பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணம் வாங்கும்போது

உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பூ வேலைப்பாட்டின் மேல் விழும் ஒளியைப் பாருங்கள். கூர்மையான புள்ளியாகத் தெரிந்தால் மெருகு நன்றாக இருக்கிறது. மங்கலாகப் பரவினால் தேய்ந்துபோயிருக்கிறது. படத்தைப் பார்த்து வாங்குவதானால், சாய்வான ஒளியில் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள்.

1950களின் பைரெக்ஸ் (கண்ணாடிப் பாத்திர பிராண்டு) போன்ற கிண்ணங்களில் உள்ள பூக்கள், கண்ணாடிப் பொடி கலந்த வண்ணத்தைச் சூளையில் சுட்டு ஒட்டவைத்தவை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான சோப்பு அந்த மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். தண்ணீரோ எண்ணெயோ அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால், ஈரமாக இருக்கும்வரை கிண்ணம் புதிதுபோல மின்னும். அதனால்தான் உலர்ந்த துணி முக்கியம், அதைத் தவறவிடவே கூடாது. போன மெருகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வண்ணம் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டினால் உணவுக்கு வேண்டாம், பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம்.

தயாரிக்கும்போதே மங்கலாக விடப்பட்ட வேலைப்பாடுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அச்சில் வார்த்த, வண்ணமே இல்லாத கண்ணாடியில் வெண்படலம் தெரிந்தால் அது வெறும் உப்புநீர்க் கறையாகவும் இருக்கலாம். வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். வண்ணப் பூ உள்ளவற்றை மட்டும் வினிகரில் போட வேண்டாம், அமிலமும் வண்ணத்தை அரிக்கும்.