கனால் து மிதி கரையில் மூன்று நாள் சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

தெற்கு பிரான்ஸ் என்றதும் பலருக்கும் லாவெண்டர் வயல்தான் நினைவுக்கு வரும். படத்தில் அழகு. சைக்கிளில் போனால் ஒரு மேடு ஏறி முடிப்பதற்குள் அடுத்த மேடு நிற்கும். பள்ளிக்கூட நாட்களோடு சைக்கிளை விட்டவர்களுக்கு நான் சொல்வது கனால் து மிதி கால்வாய்க்கரை. துலூஸில் தொடங்கி மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ ஏரி வரை 240 கி.மீ. அத்தனையும் வேண்டாம். துலூஸ் முதல் கார்க்கசோன் வரை 105 கி.மீ., மூன்று நாள். படகு போகும் பாதை என்பதால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. முதல் 50 கி.மீ.க்கும் சேர்த்து ஏறுவதே சுமார் 60 மீட்டர்தான்.

1. மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. கரை நெடுக பிளேன் மர நிழல் இருக்கும் என்று பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். 2006 முதல் பூஞ்சை நோய் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டார்கள். புதிதாக வைத்தவை வளர்ந்து நிழல் தர இன்னும் காலம் ஆகும்.

2. சைக்கிள்

துலூஸிலேயே வாடகைக்கு எடுங்கள். மெல்லிய டயர் கொண்ட ரேஸ் சைக்கிள் வேண்டவே வேண்டாம். முதல் 50 கி.மீ. தார்ப்பாதை, அதற்கப்புறம் பல இடங்களில் மண், சரளை, மர வேர். முதல் தடவை கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போனேன். வேர் ஒன்றில் ஏறி இறங்கியதும் பின் டியூப் போய்விட்டது. 38 மி.மீ.க்குக் குறையாத டயர் கேளுங்கள். பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் சீட் உயரத்தைச் சரிபாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாம் நாள் முழங்கால் ஞாபகப்படுத்தும். சாமான்களை முதுகில் சுமக்காமல் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பையில் போடுங்கள்.

3. காற்றைப் பார்த்துத் திசை

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் இரண்டு காற்றுகள். மேற்கிலிருந்து அடிப்பது செர்ஸ். தென்கிழக்கிலிருந்து வருவது ஓத்தான். ஓத்தான் வீசினால் பித்துப் பிடிக்கும் என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். எதிர்காற்றில் சமதரையும் மலைதான். அதனால் முதல் நாள் இரவு வானிலை பாருங்கள். மேற்குக் காற்றா, துலூஸிலிருந்து கிளம்புங்கள். ஓத்தானா, சைக்கிளோடு கார்க்கசோனுக்கு ரயிலேறிப் போய் அங்கிருந்து திரும்பி மிதியுங்கள். இரண்டு ஊர் ஸ்டேஷனும் கால்வாயை ஒட்டியே இருப்பது நம் அதிர்ஷ்டம். கீழே சொல்வது துலூஸிலிருந்து போகும் வரிசை.

4. முதல் நாள்: வில்ஃப்ரான்ஷ் வரை, சுமார் 40 கி.மீ.

நகரத்தை விட்டு வெளியேறும் வரை கூட்டம். நடப்பவர்களுக்கே முதலிடம், மணியடித்து, "போன்ஜூர்" சொல்லி மெதுவாகக் கடந்து போங்கள். பாலங்களுக்கு அடியில் பாதை சட்டென்று குறுகும், தலையைக் குனியுங்கள். சாப்பாட்டுக்கு 12 மணியிலிருந்து 2 மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். தவறினால் ரொட்டியும் சீஸும்தான். ஞாயிறு பிற்பகல் என்றால் அதுவும் சந்தேகம்.

5. இரண்டாம் நாள்: கஸ்தெல்நொதாரி வரை, சுமார் 26 கி.மீ.

தூரம் குறைவு, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். வழியில் நொரூஸ் வரும். 189 மீட்டர் உயரம், கால்வாயின் உச்சி. கறுப்பு மலையின் ஓடைகளைத் திருப்பி இங்கே கொண்டுவந்து, பாதித் தண்ணீரை அட்லாண்டிக் பக்கமும் பாதியை மத்தியதரைக் கடல் பக்கமும் விட்டதுதான் இந்தக் கால்வாயை வெட்டுவித்த பியர் போல் ரிக்கே கண்டுபிடித்த வழி. மனிதர் உப்பு வரி வசூலிப்பவர், பொறியாளர் அல்லர். 1666-இல் அரசாணை பெற்றார், சொந்தப் பணத்தையும் கொட்டினார், 1680-இல் இறந்தார். அடுத்த ஆண்டு கால்வாய் திறந்தது.

சாயங்காலம் ஊர்க் கோடியில் உள்ள, படகுகளை ஏற்றி இறக்கும் சேன் ரோக் மதகுக்குப் போய் உட்காருங்கள். நான்கு தொட்டிகள் படிக்கட்டுபோல அடுக்கியிருக்கும். கதவு மூடும், கீழே சிறு அடைப்பு திறக்கும், தண்ணீர் கொதிப்பதுபோல நுரைத்து ஏறும், படகு மேலே வரும். வாடகைப் படகுக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே கயிறு பிடிக்கத் தெரியாத கணவனும் சுக்கான் பிடிக்கத் தெரியாத மனைவியும் ஏதோ ஒரு மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. தொட்டிச் சுவர்கள் நேராக இல்லாமல் முட்டை வடிவில் வளைந்திருப்பதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் கட்டிய நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. வளைவு வைத்த பிறகு நின்றது.

இரவு கசூலே. வெள்ளை பீன்ஸ் விதை, வாத்து, பன்றி இறைச்சி எல்லாம் மண்சட்டியில் மணிக்கணக்கில் வெந்தது. மதியம் சாப்பிட்டால் அதற்குமேல் சைக்கிள் நகராது. சைவக்காரர்கள் விடுதியில் முன்பே சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

6. மூன்றாம் நாள்: கார்க்கசோன், சுமார் 40 கி.மீ.

சீக்கிரம் கிளம்புங்கள், தண்ணீர் நிறைய எடுங்கள். கோட்டை நகரம் ஸ்டேஷனிலிருந்து ஓத் ஆற்றைத் தாண்டி, மேட்டின் மேல். அறையில் சைக்கிளை விட்டுவிட்டு, சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு நடந்து ஏறுங்கள். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. உள்கோட்டைக்கும் மதில் நடைக்கும்தான் சீட்டு. கூர்ந்த கோபுரக் கூரைகள் 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் புதுப்பித்தபோது வைத்தவை. தெற்கில் எதற்கு இந்த வடக்கத்திக் கூரை என்று அப்போதே திட்டினார்கள். எனக்கென்னவோ பிடித்துத்தான் இருக்கிறது.

துலூஸுக்குத் திரும்ப உள்ளூர் ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிளாட்பாரத்திலேயே பைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, சைக்கிள் படம் ஒட்டிய கதவு எங்கே வருகிறதென்று பார்த்து நில்லுங்கள். ஏறி முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்ட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.