ரெசிடென்சி போகும் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெசிடென்சி என்பது ஒரு நிறுவனம் கலைஞரை அழைத்து, சில மாதம் தன் இடத்தில் தங்கி வேலை செய்யவிடும் ஏற்பாடு. அதற்கு அடையாளம், மரபு, வேர் என்று எழுதினால் விண்ணப்பம் தேறிவிடும் என்ற நம்பிக்கை இளம் ஓவியர்களிடம் பரவலாக இருக்கிறது. பல சமயம் தேறவும் செய்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். வேலை செய்ய ஸ்டுடியோ, தங்க அறை, செலவுக்குப் பணம், சில மாத அவகாசம் எல்லாம் கிடைத்த பிறகும், விண்ணப்பத்தில் எழுதியதையே வரைந்து முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அதை வீட்டில் உட்கார்ந்தே செய்திருக்கலாமே.

விண்ணப்பத்துக்குத் திட்டம் வேண்டும், சரி. போய் இறங்கிய பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் 1968இல் திறந்த ஸ்டுடியோ மியூசியத்தைப் பாருங்கள். பெயரில் ஸ்டுடியோ இருப்பதே அங்கு நடக்கும் ரெசிடென்சியால்தான். 2001இல் அங்கே சேர்ந்த அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி, தெருவில் கசங்கிக் கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். போலீஸ் எடுத்த, ஒரு கறுப்பின இளைஞனின் முகப்படமும் விவரங்களும் அதில் இருந்தன. பழைய ஐரோப்பியப் பிரபுக்கள் எப்படி நிற்பது, எதை உடுத்துவது என்பதையெல்லாம் தாங்களே முடிவு செய்துகொண்டு ஓவியர் முன் நின்றவர்கள். இந்த இளைஞனுக்கு அந்த உரிமை எதுவும் இல்லை. இந்த ஒப்பீட்டிலிருந்துதான் ஹார்லெம் இளைஞர்களைப் பழைய ஓவியங்களின் தோரணையில் நிற்கவைத்து வரையும் அவருடைய பாணி வளர்ந்தது. அவருக்கு இருபது ஆண்டு முன்பு அதே ரெசிடென்சியில் இருந்தவர் டேவிட் ஹாமன்ஸ். அவர் ஹார்லெம் முடிதிருத்தும் கடைகளில் கூட்டித் தள்ளிய முடியையே கலைப்பொருளாக்கியவர். முதல் சில வாரங்கள் ஸ்டுடியோ காலியாக இருந்தால் பதற வேண்டாம். வெளியே நடந்து பாருங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மரபு என்றதும் பார்வையாளர் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு சின்னத்தை எடுத்து ஒட்டிவிடுவது. நம்மவர்கள் என்றால் கோலம், பனையோலை, கோயில் கோபுரம். லண்டனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்த யின்கா ஷோனிபாரே கலை படித்துக்கொண்டிருந்தபோது, சோவியத் அரசியலைப் பற்றி ஏதோ செய்யப்போக, அசலான ஆப்பிரிக்கக் கலை செய்யக்கூடாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். சரி என்று ஷோனிபாரே லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போய், எல்லாரும் ஆப்பிரிக்கத் துணி என்று நினைக்கும் பளபளப்பான அச்சுத் துணியை விசாரித்தார். அதன் தொடக்கம் இந்தோனேசியத் தீவான ஜாவாவின் பாத்திக், அதாவது மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி. டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அதை இயந்திரத்தில் அச்சடித்துப் பார்த்தார்கள். இந்தோனேசியாவில் சரியாகப் போகாத சரக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் துணியில் விக்டோரிய கால உடைகளைத் தைத்து அவர் செய்த சிலைகள் உலகமெங்கும் போயிருக்கின்றன. 2022இல் நைஜீரியாவில் அவரே ஒரு ரெசிடென்சியும் தொடங்கியிருக்கிறார்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பக்கத்திலும் ஆந்திரக் கடற்கரையிலும் நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி, நைஜர் டெல்டாவில் வாழும் களபாரி மக்களிடம் பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய மரியாதைத் துணியாகிவிட்டது. அதை அவர்கள் அப்படியே உடுத்துவதோடு விடுவதில்லை. பெண்கள் குறிப்பிட்ட சில இழைகளை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவிவிடுவார்கள். இளநிற இழைகள் போனதும் துணி வலைபோல் மெலிந்து, நெசவாளி நினைத்தே பார்த்திராத ஒரு புது வடிவம் தெரியும். இது யாருடைய மரபு? கைத்தறியைப் பற்றி வேலை செய்யப் போகிறவர் இந்தக் கேள்வியோடு போனால், தறியின் படத்தைச் சுவரில் மாட்டுவதைவிட எவ்வளவோ தூரம் போகலாம். நீங்கள் எடுக்கும் பொருள் எங்கே, யார் கையால், யாருக்காகச் செய்யப்பட்டது என்று தேடுங்கள். பாட்டியின் புடவை என்றாலும் அது எந்த ஊர் நெசவு, எந்த ஆலை நூல் என்று ஒரு கதை இருக்கும்.

அப்புறம், மற்றவர்களின் நினைவைக் கையாளும் விதம். ஒரு மூதாட்டியைப் பேசவைத்துப் பதிவு செய்வது, குடும்பப் புகைப்படம் வாங்கி வருவது, பிறகு அது எந்த ஊர்க் காட்சிச்சாலையில் தொங்குகிறது என்றுகூடச் சொல்லாமல் விடுவது. இது அடிக்கடி நடக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் ரெசிடென்சிக்கு வெளியே செய்த ஒரு வேலை இதற்கு நல்ல எதிர் உதாரணம். இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார். அவர்கள் கையால் வரைந்தது ஒரு தாளில் அப்படியே இருக்கிறது, அதன் கட்டிடக்கலை வரைபடம் இன்னொன்றில், சனாதனனின் ஓவியம் தனியே. கிணறு எங்கே, வேப்பமரம் எங்கே என்று அவர்கள் போட்ட கோணல் கோட்டை அவர் திருத்தித் தன் ஓவியத்துக்குள் கரைத்துவிடவில்லை. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நேரம் ஒதுக்கிப் பேசுகிறவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை ரெசிடென்சியின் பொருள் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஊர் மண்ணைப் பையில் போட்டு எடுத்துப் போகும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. பல நாடுகளில் மண், விதை, ஓலை எல்லாம் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும், ஆஸ்திரேலியாவில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் வண்ணத்தில் தடிமனாகத் தீட்டினால் காய மாதக்கணக்காகும், ஆகவே கடைசி வாரத்தில் பெரிய கேன்வாஸ் தொடங்காதீர்கள். முடியும் தறுவாயில் ஸ்டுடியோவைப் பார்வையாளருக்குத் திறந்துவிடும் நாளில் பாதி முடிந்ததை வைத்தால் போதும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: செய்த படைப்பில் ஒன்றை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டுமா, திரும்ப அனுப்பும் செலவு யாருடையது. இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால், பெரிய மரச்சட்டத்தோடு செய்ததை அங்கேயே விட்டுவிட்டு வர நேரிடும்.