"பின்னாடி போட்டுக்கலாம்": வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் போன மாதம் புது கிராபிக்ஸ் கார்டோடு வீட்டுக்கு வந்தான். பத்தே நிமிடத்தில் அது திரும்பவும் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, 2016-இல் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து ஒரு மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையை, தூக்கிக்கொண்டு பெருமையாக வந்த நான்தான் நினைவுக்கு வந்தேன்.

கம்பெனி முழுசாகச் செய்து விற்கும் பிராண்டட் வாங்கலாமா, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் பண்ணலாமா? பழைய கம்ப்யூட்டரை மாற்ற நினைக்கும் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கெங்கே வழுக்கும் என்று சொல்கிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மறப்பது, கேபினெட் (வெளிப்பெட்டி) அளவு பார்க்காமல் வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லா வீடியோவிலும் இருக்கின்றன.

மாற்றத் தேவையில்லாததை மாற்றுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, "என் சிஸ்டத்தில் விண்டோஸ் 11 போகாதாமே, புதுசு வாங்கணுமா?" என்பதுதான். விண்டோஸ் 11, டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தது ஒன்பதாம் தலைமுறை. ஆனாலும் "தகுதியில்லை" என்று திரையில் வந்துவிட்டது, அவரும் புது சிஸ்டத்துக்குக் கொட்டேஷனே வாங்கிவிட்டார். போய்ப் பார்த்தால் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பில், டி.பி.எம் அணைத்தே கிடந்தது. ஆன் செய்ததும் வேலை முடிந்தது. ஒரு காபியோடு திரும்பி வந்தேன்.

நான்காம் தலைமுறை என்றால் சரி, மாற்றத்தான் வேண்டும். அதையும் தூக்கிப் போடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் சில வருடம் ஓடும்.

கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்ப்பது

அசெம்பிள் கொட்டேஷன் எப்போதும் குறைவாகத் தெரியும். அதில் விண்டோஸ் உரிமத்தின் விலை இருக்காது. "அதெல்லாம் நாங்க போட்டுத் தர்றோம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அது என்ன விண்டோஸ் என்று உங்களுக்கே தெரியும். பிராண்டடில் உரிமம், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் அங்கே ராம் (தற்காலிக நினைவகம்) பல நேரம் 8 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் ஒற்றைக் குச்சி ராம் வேகத்தை நன்றாகவே இழுத்துவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் வரிக்கு வரி எழுதிப் பாருங்கள்.

"பின்னாடி போட்டுக்கலாம்"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இந்த வாக்கியம்தான். வாங்குகிறவர் சொல்வார், கடைக்காரர் தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் அது வசதி.

முதலில் என் கதை. 2016-இல் நான் போட்ட கணக்கு இது: இப்போதைக்கு இரண்டு கோர் உள்ள மலிவான பிராசசர் போதும், போர்டையும், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் மட்டும் பெரிதாக வாங்கிவைத்தால் இரண்டு வருடம் கழித்து நல்ல பிராசசரை மாட்டிக்கொள்ளலாம். நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டு, 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். அந்தச் சின்ன பிராசசருக்கு இது, ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச் சங்கிலி வாங்கியது மாதிரி.

2018-இல் காசோடு போனேன். இன்டெல்லின் எட்டாம் தலைமுறை வந்திருந்தது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் அதே 1151, பின் எண்ணிக்கையும் அதே. ஆனால் பழைய போர்டில் ஓடாது, 300 வரிசை என்ற புது போர்டுதான் வேண்டும். சரி, என் போர்டுக்குப் பொருந்தும் ஏழாம் தலைமுறையின் பெரிய பிராசசரையே வாங்கலாம் என்றால் அதன் விலை இறங்கவே இல்லை. பழைய போர்டு வைத்திருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான் வழி, அப்புறம் விலை எப்படி இறங்கும்? கடைசியில் புது போர்டு, புது பிராசசர். ராம் மட்டும் மிஞ்சியது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நடக்குமா என்று விசாரிக்காமல் நானே போட்ட கணக்கு அது.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஏ.எம்.டி கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-இல் வந்த போர்டுகள் பலவற்றில், பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை பிராசசர் வரை மாட்ட முடிந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். மற்றவர்கள் நான்கைந்து வருடம் கழித்து மொத்தமாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது அக்கா மகன். அவன் வாங்கியது பிராண்டட், மெலிந்த கேபினெட். "மாமா, கார்டு மட்டும் பின்னாடி போட்டுக்கிறேன்" என்று அப்போதே சொன்னான், நான் கொஞ்சம் சத்தமாகவே மறுத்திருக்க வேண்டும். கார்டு அகலமானது, உள்ளே நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் பயனில்லை. மதர்போர்டின் ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனி கேபிள் வர வேண்டும். அவனுடைய 180 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸில் அப்படி ஒரு கேபிளே இல்லை. வேறு எஸ்.எம்.பி.எஸ் மாட்டலாமே என்று கேட்டான். கடையில் கிடைப்பது 24 பின் பிளக். அவன் போர்டில் இருந்தது அந்தக் கம்பெனியே தனக்கென்று வைத்துக்கொண்ட சின்ன பிளக். கேபினெட்டை மாற்றலாம் என்றால் போர்டின் ஸ்க்ரூ ஓட்டைகளும் வேறு இடத்தில். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பெரிய கம்பெனிகளின் சின்ன டவர்கள் பலவற்றில் இதுதான் நிலைமை.

பின்னாடி நிஜமாகவே போட முடிவது ராமும் எஸ்.எஸ்.டியும்தான். அதிலும் 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, "இப்போ 8 போதும்" என்று சொன்ன நாள் ஞாபகம் வந்திருக்கும். அடுத்த மூன்று வருடத்துக்கு என்ன வேலையோ அதற்கு இன்றைக்கே வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட எதிர்காலத்துக்கு என்று போடாதீர்கள்.

கெட்டால் யார் பார்ப்பது என்று யோசிக்காதது

அசெம்பிள் சிஸ்டத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. காலம் நீளம்தான், ஆனால் எது கெட்டது என்று நீங்கள் கண்டுபிடித்துக் கழற்றி, அந்தந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அது பொழுதுபோக்கு. தென்காசியில் இருக்கும் என் அப்பாவுக்கு அது தலைவலி. அவர் போனில் "ஆன் ஆகலப்பா" என்று சொன்னால் ராமா, போர்டா, எஸ்.எம்.பி.எஸ்ஸா என்று இங்கிருந்து நான் என்ன கண்டேன்? அவருக்கு மூன்று வருடம் வீட்டுக்கே ஆள் வரும் வாரண்டியோடு பிராண்டட் வாங்கிக் கொடுத்தேன். காசு கூடுதல்தான். வாங்கும் முன் உங்கள் ஊர் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ்

வேண்டாம்.

இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் பிராசசர்

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கினால் திரையில் எதுவும் வராது.

பில்

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் பில் ஆகாது.