நரம்பியல் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் மூச்சுத் தொல்லை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கங்களிலிருந்து இடுப்பு எலும்பு, தசைநார் அறுவைக்காகப் புதுச்சேரிக்கு அழைத்து வரப்படும் குழந்தைகளில் மூளை முடக்குவாதமோ தசைச் சிதைவு நோயோ உள்ளவர்களும் உண்டு. பெற்றோரின் கவலை முழுவதும் தையல் போட்ட இடத்தின் மேலேயே இருக்கிறது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு முதல் சில நாட்களில் பெரிய ஆபத்து மூச்சில்தான். இருமிச் சளியை வெளியேற்றும் வலு ஏற்கெனவே குறைவு, விழுங்குவதில் தடுமாற்றம், வளைந்த முதுகுத்தண்டினால் நெருக்குண்ட நெஞ்சு என்றிருக்கும் உடலில் மயக்க மருந்தும் வலி மருந்தும் சேரும்போது, சளியும் எச்சிலும் உள்ளே தேங்கி, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கி, நிமோனியா வரை போய்விடலாம்.

அறுவைக்கு முன்பே சில தவறுகள் தொடங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி தள்ளிப்போய்விடுமே என்று குழந்தையின் சளி, இருமலைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. சளி நின்ற பிறகும் சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் நிலையில் இருக்கும் என்பதால், தேதியை இழப்பதே மேல். சாப்பிடும்போது புரை ஏறுவது, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, தசை நோயின் சரியான பெயர் ஆகியவற்றையும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தசைச் சிதைவு நோயில் சில மயக்க மருந்துகள் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பசியால் அழுகிறதே என்று கொஞ்சம் கஞ்சியோ பாலோ புகட்டுவது உயிருக்கே ஆபத்து. திட உணவுக்கு 6 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும் இடைவெளி வேண்டும். அதே சமயம், 'ஒன்றும் கொடுக்கக் கூடாது' என்றதை வலிப்பு மருந்துக்கும் பொருத்திக்கொண்டு நிறுத்திவிடுவதும் தவறு. காலை வேளை மருந்தை ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, அமைதியாகக் கிடக்கும் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று நம்புவது. தசை வலுவற்ற குழந்தைக்கு மூச்சு திணறும்போது மூக்கு விடைப்பதோ விலா உள்வாங்குவதோ தெளிவாகத் தெரியாமலே போகலாம். மூச்சு ஆழமின்றி மெதுவாகிக்கொண்டே வரும். ஆக்சிஜன் வைத்திருக்கும்போது விரலில் மாட்டிய கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 98 சதவீதம் என்று காட்டினாலும் உள்ளே கரியமிலவாயு சேர்ந்துகொண்டிருக்கலாம். தட்டி எழுப்பினால் வழக்கம்போல் கண் திறக்கிறதா, தொண்டையில் கரகரவென்ற ஒலி புதிதாக வந்திருக்கிறதா என்பதைத் தாயே முதலில் கண்டுகொள்வார். 'எப்போதும் இப்படி இருக்க மாட்டான்' என்று செவிலியரிடம் சொல்லத் தயங்கவே கூடாது. குழந்தை நலமாக இருக்கும்போது மூச்சுவிடுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால், மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

வீடு திரும்பிய பின் படுக்க வைத்தே ஊட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நுரையீரலைக் கெடுக்கும். உடல் விறைக்கிறதென்று தளர்வு மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால், வலி மருந்தோடு சேர்ந்து அது மூச்சை அடக்கிவிடும். 1 முதல் 5 வயது வரையிலான குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று புதுச்சேரிப் பேருந்துக்காக நிற்காமல், 108-ஐ அழைத்துக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போல அருகில் இருக்கும் இடத்துக்கு முதலில் கொண்டு செல்லுங்கள்.