டோர்ச்சுக்குப் பற்றரி வாங்கினால் நிறுத்துப் பாருங்கள்

சார்ஜ் டோர்ச்சுக்கு 18650 எனப்படும் உருளை வடிவப் பற்றரி மாற்றும்போது, எவ்வளவு மின் சேமிக்கும் என்று அதன் மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் கடையின் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல பற்றரி ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். 30ஐத் தாண்டாவிட்டால் வேண்டாம்.

மின்னைச் சேமிப்பது உள்ளே சுற்றியிருக்கும் தகடும் இரசாயனமும்தான். அவை குறைந்தால் எடையும் குறையும். சிலவற்றில் 9900 மில்லி அம்பியர் மணி (mAh, சேமிக்கும் மின்னின் அளவு) என்று அடித்திருப்பார்கள். இந்த அளவுப் பற்றரியில் அவ்வளவு அடங்கவே அடங்காது. நல்ல தயாரிப்புகளிலேயே பெரும்பாலும் 2000 முதல் 3500 வரைதான். மட்டக்களப்பு வாவியில் இரவில் வலை போடுகிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள், நடு வாவியில் வெளிச்சம் அணைந்தால் ஆபத்து.

பழைய லேப்டொப் பற்றரிக்குப் புது உறை போட்டு விற்றால் எடை சரியாகவே காட்டும். அங்கே இந்த முறை உதவாது.