கண்மாய் மண்ணை எடுத்துச் சோதித்துப் பார்க்கும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் நீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி நடந்தால், காலடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் தரையே அங்கே களிமண் இருப்பதைக் காட்டிவிடும். மணல் மிகுந்த தரை அவ்வாறு வெடிப்பதில்லை. ஆனால் வெடிப்பு மிக அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால், அந்த மண்ணில் வனைந்த பானையும் காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கக்கூடும் என்பதை அப்போதே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கண்மாயில் எல்லா இடத்திலும் ஒரே மண் இருக்காது. வரத்துக்கால் வழியாக வெள்ளம் நுழையும் இடத்தில் நீரின் வேகம் குறையத் தொடங்கியதும் மணல் முதலில் படிந்துவிடுகிறது; அதைக் கடந்து, நீர் நெடுநாள் அசையாமல் நிற்கும் ஆழமான உள்வாய்க்குச் செல்லச் செல்ல மிக நுண்ணிய துகள்கள் படிகின்றன. எனவே வரத்துக்காலுக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆழமான பகுதியில் ஒன்று என மூன்று இடங்களிலாவது மண் எடுப்பது நல்லது. கரையின் அடியைத் தோண்டினால் கரை வலுவிழக்கும் என்பதால், அதை விட்டு நன்றாக விலகியே தோண்ட வேண்டும். தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறை ஆகியவற்றின் கழிவு கலக்கும் நீர்நிலைகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். சோதனைக்கு இரண்டு மூன்று வாளி மண் போதும் என்றாலும் கண்மாய் பொதுச்சொத்து; ஊரில் சொல்லிவிட்டும் உரிய அனுமதியோடும் எடுப்பதே முறை. தமிழ்நாட்டில் மண்பாண்டத் தொழிலாளர்கள் ஏரி, கண்மாய்களிலிருந்து கட்டணமின்றி மண் எடுக்க வழி உள்ளது. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியர் நிலையிலேயே பெறலாம்.

மேலே உள்ள ஓர் அடி மண்ணில் வேரும் சருகும் சாணமும் கலந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ளதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழி மண்ணையும் தனித்தனிச் சாக்கில் போட்டு, இடம், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதிக் கட்டிவிடுங்கள். அந்த இடத்திலேயே ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பென்சில் கனத்தில் திரித்து, சுட்டுவிரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் சக்கரத்தில் ஏற்றும் அளவுக்குப் பசை இருக்கிறது; மெல்லிய கீறல்கள் விழுந்தால் கையால் தட்டிச் செய்யும் வேலைக்கு உதவும்; உடைந்து உதிர்ந்தால் அது பெரும்பாலும் வண்டல்தான்.

பசையைவிட நான் அதிகம் அஞ்சுவது சுண்ணாம்பை. நம் கரிசல் பகுதிகளிலும் ஆற்றோரங்களிலும் மண்ணுக்குள் வெள்ளையான சுக்கான் கற்கள் கிடக்கின்றன. சூளையில் சுமார் 850 பாகை செல்சியசை நெருங்கும்போது அவை சுட்ட சுண்ணாம்பாக மாறுகின்றன; பானை வெளியே வந்த பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிப் பருத்து, மேலே உள்ள ஓட்டைப் பெயர்த்துத் தள்ளுகின்றன. நான் முதன்முதலில் எடுத்து வந்த மண்ணில் செய்த கிண்ணங்கள் சூளையிலிருந்து பழுதின்றி வெளிவந்து, பத்து நாளில் ஒவ்வொன்றாகப் பொக்கு விட்டன. பொக்கின் நடுவே கடுகளவு வெள்ளைப்புள்ளி தெரிந்தது. ஆகவே காய்ந்த மண் கட்டியின்மேல் சிறிது வினிகரை விட்டுப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. அது கற்களாக இருந்தால் நுண்ணிய சல்லடையில் நீக்கிவிடலாம். மாவாக மண் முழுவதும் பரவியிருந்து பலமாக நுரைத்தால், அந்தக் குழியை விட்டுவிட்டு வேறு குழியைப் பார்ப்பதே மேல். மண் காயும்போது மேற்பரப்பில் வெள்ளை பூப்பது உவருக்கு அடையாளம். அதுவும் சுட்ட பிறகு பானையின் நிறத்தைக் கெடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணை வெயிலில் முழுமையாகக் காயவைக்க வேண்டும். ஈரக்கட்டி நீரில் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும்; எலும்பாகக் காய்ந்த கட்டியோ நீரில் போட்ட சிறிது நேரத்திலேயே தானாகப் பொரிந்து கரைந்துவிடும். காய்ந்த மண்ணை இடிக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் இடியுங்கள். மண்ணைப்போல் இரு மடங்கு நீரில் ஓரிரவு ஊறவிட்டுக் கலக்கி, கல்லும் கசடும் அடியில் தங்கியதும் மேலுள்ள குழம்பை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றி, சல்லடையில் வடிகட்ட வேண்டும். இரண்டு நாளில் தெளிந்து மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, குழம்பைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால், காற்றோட்டத்தைப் பொறுத்துச் சில நாள்களில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு மிதித்துப் பிசைந்து, ஈரச்சாக்கால் மூடி இரண்டு வாரமாவது புளிக்கவிடுங்கள். பசை கூடுவது கைக்கே தெரியும்.

இந்த இடத்தில் மணலையோ வேறு களிமண்ணையோ கலக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். மண் தனியாக எப்படி நடந்துகொள்கிறது என்று அறியாமல் கலந்துவிட்டால், பிறகு எழும் குறை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. முதலில் ஒவ்வொரு குழி மண்ணிலும், ஒரு விரல் கனத்தில், 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு வில்லைகள் செய்து, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின்மேலும் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறுங்கள். காய்ந்த பிறகு கோடு 9.4 சென்டிமீட்டராக இருந்தால் சுருக்கம் 6 விழுக்காடு. அது வேலைக்கு ஏற்ற அளவு. 10 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது வில்லை வளைந்து வெடித்தால் மட்டுமே மணல் சேர்க்க வேண்டும். அப்போதும் காய்ந்த மண்ணின் எடையில் 10, 20, 30 விழுக்காடு எனத் தனித்தனியாகச் சலித்த ஆற்று மணலைச் சேர்த்து மீண்டும் வில்லை செய்து பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருப்பதால் அது உதவாது. அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் மணலோடு உமியையும் சேர்ப்பது, கனமான சுவர் சீராகக் காய்வதற்காகவே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டத்துக்கும் சுற்றுவட்டாரக் கண்மாய் மண்களைக் கலந்தே பதப்படுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கலவை தலைமுறைகளாக ஒவ்வொரு மண்ணையும் தனித்து அறிந்தவர்களின் கையில் உருவானது.

சுடும்போது வில்லையை ஏற்கெனவே சுட்ட ஓட்டின்மேல் வையுங்கள். அறியாத மண் உருகினாலும் சூளை கெடாது. ஈரம் முழுதும் போகும்வரை, அதாவது 100 பாகையைக் கடக்கும்வரை, மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். 573 பாகையில் மணலிலுள்ள படிகம் திடீரென விரிவடைவதால் அங்கேயும் அவசரம் கூடாது. 800, 850, 900 பாகைகளில் ஒவ்வொரு வில்லையைச் சுட்டு, நான்காவதைச் சுடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு கலந்த நம் மண் காற்று கிடைத்தால் சிவக்கும், காற்றை அடைத்தால் கறுக்கும். மானாமதுரை இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடுகளின் உட்புறம் கறுத்திருப்பதும், சூளையில் உட்புறத்துக்குக் காற்று எட்டாதபடி சுட்டதனால்தான்.

சுட்ட வில்லைகளை எடைபோட்டு, இரண்டு மணி நேரம் கொதிநீரில் இட்டு, அதே நீரில் ஒரு நாள் ஊறவிட்டுத் துடைத்து மீண்டும் எடைபோட்டால், மண் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பது தெரிந்துவிடும். கூடுதல் எடை அதிகமானால் தண்ணீர்ப் பானைக்கு ஏற்றது. நீர் கசியக்கூடாத பாத்திரத்துக்கு ஏற்றதன்று. அதன்பின் வில்லைகளை ஒரு மாதம் திண்ணையில் காற்றுப்பட வைத்திருங்கள். பொக்கு விடாமல் நின்ற குழியின் மண்ணை மட்டும் அடுத்த கோடைக்குள் வேண்டிய அளவு எடுத்துச் சேர்த்துவைக்கலாம்.